செவ்வாய்க்கிழமை ஸ்கிரிப்சர் வகுப்பு

ஆத்தா, நீ கேட்டதைப் படித்தேன். சிட்னிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மூன்றாம் வகுப்பு மகள் ஏசுநாதர் கதைப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறாள். செவ்வாய்தோறும் ஒரு பெண்மணி வந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாராம். அரசுப் பள்ளிதானே, மதம் மாற்றப் பார்க்கிறார்களா, போய்ச் சண்டை போட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களா என்று கேட்கிறாய். காரைக்குடியில் உன் மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது தனிக்கதை.

சண்டைக்குப் போகாதே. பள்ளியில் சேர்க்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்களை முதலில் எடுத்துப் பார். அதில் சமய வகுப்பு வேண்டுமா, எந்தச் சமயம் என்று ஒரு கேள்வி இருக்கும். பத்துப் பக்கத்துக்கு நடுவில் அதை யார் நின்று படிக்கிறார்கள்? வந்த புதிதில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போட்டுவிடுகிறோம்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அரசுப் பள்ளிச் சமய வகுப்பு 1880-லிருந்து இருக்கிற ஏற்பாடு. இப்போது நடப்பில் இருப்பது 1990-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். வருஷத்தில் எத்தனை பள்ளி வாரமோ அத்தனை மணி நேரம் வரை சமயக் கல்விக்கு ஒதுக்கலாம். பெற்றோர் வேண்டாம் என்றால் எந்தப் பிள்ளையையும் உட்காரவைக்க முடியாது, அதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அந்த அம்மா பள்ளி ஆசிரியர் இல்லை. பக்கத்துச் சர்ச்சிலிருந்து சம்பளம் வாங்காமல் வருகிறவராக இருப்பார். இந்த வகுப்பை அந்த ஊர் வழக்கில் ஸ்கிரிப்சர் என்பார்கள். அந்த அம்மா ஒளித்து மறைத்து எதையும் செய்யவில்லை. தன் சமயத்தைச் சொல்லத்தான் வருகிறார், சொல்லிவிட்டுப் போகிறார்.

வேண்டாம் என்றால் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிக்கொடு. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2010-ல் மதம் கலக்காத அறநெறி வகுப்பு ஒன்றையும் சட்டத்தில் சேர்த்தார்கள். உங்கள் பள்ளியில் அது நடக்கிறதா என்று கேள். விசுவ ஹிந்து பரிஷத்தின் ஆஸ்திரேலியக் கிளை வழியாகச் சில பள்ளிகளில் இந்து சமய வகுப்பும் உண்டு. ஆனால் சொல்லித்தர ஆள் முன்வந்தால்தான் நடக்கும். சிறுவரோடு பழகுவோருக்கான அரசுச் சரிபார்ப்பை முடித்துப் பயிற்சி எடுத்துக்கொண்டால் நீயே போகலாம். குறைசொல்லுகிற நம் ஆட்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் காணாமல் போய்விடுவார்கள்! எதிலும் சேராத பிள்ளைகள் அந்த அரைமணி நேரம் நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள். என் மகன் அப்படித்தான் இருந்தான், யாரும் ஒதுக்கவில்லை. அங்கே வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டமே இருந்தது.

நீ மெல்போர்ன் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. விக்டோரியாவில் 2016 முதல் இதைப் பாடநேரத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.

சாப்லின் என்று ஒருவர் பள்ளியில் இருந்தால் அவரை இதோடு குழப்பிக்கொள்ளாதே. மத்திய அரசு 2006-ல் அறிவித்து, மறுவருஷம் தொடங்கிய திட்டம் அது. பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் என்றால் பேசுவதுதான் வேலை, மதம் பரப்பக்கூடாது. டுவூம்பா ஊரில் ஒரு தகப்பனார் இதை எதிர்த்து உயர்நீதிமன்றம் (அந்த நாட்டில் அதுதான் உச்ச நீதிமன்றம்) வரை போய் 2012, 2014 இரண்டு தடவையும் ஜெயித்தார். ஆனால் அரசு பணம் கொடுத்த முறை சரியில்லை என்றுதான் தீர்ப்பு வந்ததே தவிர, சமயத்தைப் பற்றி இல்லை. அதனால் திட்டம் வேறு வழியில் தொடர்ந்தது. ஹைஸ்கூல் போனால் மதிய இடைவேளையில் மாணவர் ஜெபக் குழுவும் இருக்கும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

நான் உன்னைக் கவனிக்கச் சொல்வது பள்ளிக்கு வெளியே நடப்பதை. சர்ச்சில் கைக்குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடம், புதிதாக வந்தவர்களுக்கு இலவச இங்கிலீஷ் வகுப்பு, லீவில் ஒரு வாரம் பாட்டும் கைவேலையுமாக நிகழ்ச்சி. நம் ஊர்ப்பக்கம் கோடை லீவில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி மாதிரிதான். கோடையில் கடற்கரையிலும் கூடாரம் போட்டு நடத்துவார்கள். 1868-ல் வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற வசனத்தை மணலில் எழுதி, பிள்ளைகளை விட்டு அலங்கரிக்கச் சொன்னார். அந்த வழியில் வந்ததுதான் இது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பழகிய கை, ஆத்தா. அன்பாக இருப்பார்கள், அந்த அன்பு நடிப்பும் இல்லை. அங்கே போன புதிதில் நாங்கள் வெறும் தரையில் படுத்துக்கிடந்தபோது கட்டிலும் மேசையும் கொண்டுவந்து போட்டவர்கள் சர்ச் ஆட்கள்தான். இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகிறேன். ஆனால் பட்ட நன்றிக்காக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வரவேண்டுமோ என்று கூச்சப்பட்டுப் போய், பிறகு விலக முடியாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ‘இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறேன், ஆராதனைக்கு வரவில்லை’ என்று முதல் வாரமே சிரித்துக்கொண்டு சொல்லிவிடு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாமியாருக்கு ஒன்று சொல். நான் இப்போது ஊருக்கு வந்து தேவகோட்டையில் இருக்கிறேன். இங்கே பிரிட்டோ பள்ளியில் படித்து வந்த நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! பள்ளி பாதிரிமார்களுடையது, பெயரோ 1693-ல் ஓரியூரில் உயிர்விட்ட பாதிரியார் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தருடையது. அங்கே படித்த என் அண்ணன் இன்றைக்கும் பழநிக்குக் காவடி எடுத்துக்கொண்டுதான் நடக்கிறார்.

பிள்ளைக்கு வீட்டில் ஏதாவது இருக்கவேண்டும், அவ்வளவுதான். மார்கழியில் பிள்ளையார் நோன்பன்று இருபத்தொரு இழைத் திரியை மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதை என் மகன் வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டான். ‘உங்கள் வீட்டில் நெருப்பைச் சாப்பிடுவீர்களா’ என்று டீச்சர் போன் போட்டுக் கேட்டார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டையும்தான் பாடினான்.

காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுது. பங்குனி முடியும்வரை ஊரில்தான் இருப்பேன். அடுத்த வாரம் காரைக்குடி போகிற வேலை இருக்கிறது, உன் மாமியாரை நானே பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன்.