பதில்: லீ என்ஃபீல்டில் குறிமுள் இல்லை, யாராவது கெடுத்துவிட்டார்களா?

யாரும் கெடுக்கவில்லை, கவலை வேண்டாம். பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ என்ஃபீல்டின் 1912ஆம் ஆண்டு மார்க் 3 வகை ஒன்றில், இடப்பக்க மரக்கட்டையில் தகடு மட்டும் இருக்கிறது, முள்ளைக் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தகடு, கூட்டுச் சூட்டுக்கான குறிக்கருவியின் மிச்சம். வழக்கமாகக் குறிபார்க்க உதவும் பின்குறியான இலைக்குறி 2000 கஜத்தோடு நின்றுவிடும். அதற்கும் அப்பால் இருக்கும் படைத்திரள்மீது ஒரு பிரிவே சேர்ந்து சுடுவதற்காக இந்தக் கூட்டுச் சூட்டுக் குறிக்கருவியை வைத்தார்கள். முன்னால் அந்தத் தகட்டில் முள், பின்னால் பாதுகாப்பு நெம்புகோலை ஒட்டித் துளையிட்ட சிறு கை.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையில் அதற்கு வேலையே இல்லை. உற்பத்தியை விரைவுபடுத்த, 1916 தொடக்கத்தில் ஏற்கப்பட்ட நட்சத்திரக் குறியிட்ட மார்க் 3 (Mk III*) வகையில் அதையும், பின்குறியை இடம் வலமாக நகர்த்தும் பக்கவாட்டுத் திருகையும் நீக்கினார்கள். பழைய துப்பாக்கிகளிலும் பழுதுபார்க்கும்போது கழற்றினார்கள்.

உங்களுடையதில் பக்கவாட்டுத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்குறி பழைய வடிவிலேயே இருக்கிறது என்பதற்கு அது அருமையான சான்று. புதிதாகச் செய்த முள்ளை வாங்கிப் பொருத்திவிடாதீர்கள். அந்த வெற்றுத் தகடும் ராணுவம் செய்த மாற்றம்தான்.