1970களின் இங்கிலாந்துக் கால்பந்து மேனேஜர்களில் பெரிய வாயாடி யார்? அவர்களுக்குள் அப்படி என்ன பகை?

வாய் என்று மட்டும் கேட்டால் பிரையன் க்ளஃப். இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. "நான்தான் சிறந்த மேனேஜர் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் ஒருவரில் நானும் ஒருவன்" என்று சொன்ன ஆள். ஆட்டக்காரர் யாராவது உங்கள் பேச்சை ஏற்க மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "உட்காரவைத்து இருபது நிமிடம் பேசுவோம், அப்புறம் நான் சொன்னதுதான் சரி என்று இருவரும் முடிவெடுப்போம்" என்றார்.

வாய் நீளமானவர்களுக்கு அந்தக் காலத்தில் பஞ்சமில்லை. டாமி டொகர்ட்டி இருந்தார். மால்கம் ஆலிசன் இருந்தார். மூன்றாம் டிவிஷனில், அதாவது லீக்கின் மூன்றாம் தட்டில், கிடந்த கிரிஸ்டல் பேலஸை 1976இல் எல்லாத் தட்டு கிளப்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதிவரை கூட்டிப்போனவர் அவர். ஆட்டத்தை மறந்தவர்களுக்குக்கூட அவருடைய தொப்பியும் சுருட்டும் நினைவிருக்கும். ஆனால் பகை என்று வந்தால் க்ளஃபுக்கும் லீட்ஸ் யுனைடெட்டின் டான் ரெவீக்கும் நடந்ததுதான் பகை. அதைப் பங்காளிச் சண்டை என்றே சொல்வேன். இருவருமே மிடில்ஸ்பரோக்காரர்கள், எட்டு வயது வித்தியாசம். ரெவீயின் அப்பா வேலையில்லாத தச்சர். அம்மா இவர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். க்ளஃப் ஒன்பது பிள்ளைகள் பிறந்த வீடு. அப்பாவுக்கு மிட்டாய் ஆலையில் வேலை. இருவரும் முன்களத்தில் ஆடியவர்கள், இருவரும் சண்டர்லேண்டுக்கு ஆடியவர்கள். குணம் மட்டும் நேர் எதிர்.

ரெவீ வாயைத் திறக்காமல் காரியம் பார்ப்பவர். எதிரணி ஒவ்வொன்றைப் பற்றியும் கோப்பு தயாரித்து ஆட்டக்காரர்கள் கையில் கொடுப்பார். ராசி பார்த்து ஒரே நீல சூட்டைத் தேயத் தேயப் போட்டுக்கொண்டு வருவார். மைதானத்துக்குச் சாபம் இருக்கிறது என்று நம்பி, அதைக் கழிக்க ஒரு ஜிப்ஸிப் பெண்ணைக் கூட்டி வந்தவர். (நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.) இரண்டாம் டிவிஷனில் தத்தளித்த லீட்ஸை 1961இல் கையில் எடுத்து, 1969இலும் 1974இலும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் காலை வாருவது, நடுவரைச் சுற்றி நின்று நெருக்குவது எல்லாம் லீட்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

க்ளஃபுக்குப் பற்றி எரிந்தது அதில்தான். அவரும் அவருடைய உதவி மேனேஜர் பீட்டர் டெய்லரும் சேர்ந்து இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே கொண்டுவந்த டர்பி கவுன்ட்டி, 1972இல் 58 புள்ளிகளோடு தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. லீட்ஸ் கடைசி ஆட்டத்தை டிரா செய்தாலே பட்டம். இரண்டு நாள் முன்புதான் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆடிக் களைத்திருந்த லீட்ஸ், வுல்வ்ஸிடம் 2-1 என்று தோற்றது. டர்பி சாம்பியன். செய்தி வந்தபோது டெய்லர் ஆட்டக்காரர்களோடு மயோர்க்காவில் இருந்தார், க்ளஃப் குடும்பத்தோடு சில்லி தீவுகளில் இருந்தார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஆண்டு ஒரு ஞாயிறு பத்திரிகையில், இவர்களின் ஒழுங்கீனத்துக்கு லீட்ஸை இரண்டாம் டிவிஷனுக்கே இறக்கியிருக்க வேண்டும் என்று க்ளஃப் எழுதினார்.

இனி வருவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். 1973 அக்டோபரில் க்ளஃப் டர்பி நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு ராஜினாமா செய்தார். தொலைக்காட்சியில் பேசாதே, பத்திரிகையில் எழுதாதே என்று அவர்கள் நெருக்கியது ஒரு முக்கியக் காரணம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதேதான். இரண்டே நாளில் இங்கிலாந்து, போலந்தோடு வெம்ப்ளியில் ஆடியது. ஜெயித்தால்தான் உலகக் கோப்பை. தொலைக்காட்சியில் விமர்சகராக உட்கார்ந்திருந்த க்ளஃப், போலந்து கோல்கீப்பர் டோமஷெவ்ஸ்கியைக் கோமாளி என்றார். அந்தக் கோமாளி அன்று விழுந்து புரண்டு தடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் 1-1. இங்கிலாந்து உலகக் கோப்பைக்குப் போகவில்லை. சில மாதங்களில் மேனேஜர் ஆல்ஃப் ராம்சேயின் வேலை போயிற்று. அந்த இடத்துக்கு ரெவீ போனார். லீட்ஸ் நாற்காலி காலியானது. அதில் வந்து உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் க்ளஃப்! அவர் கேலி செய்த கோமாளிதான் சுற்றி வளைத்து அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

தன் இடத்துக்கு லீட்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸை நியமிக்கும்படி ரெவீ சொல்லியிருந்தார். நிர்வாகம் கேட்கவில்லை. 1974 ஜூலையில் டெய்லர் இல்லாமல் தனியாகப் போன க்ளஃப், ஆட்டக்காரர்களிடம் பேசிய முதல் பேச்சிலேயே, "உங்கள் பதக்கங்களையெல்லாம் குப்பைத் தொட்டியில் போடுங்கள், ஒன்றைக்கூட நீங்கள் நேர்மையாக ஜெயிக்கவில்லை" என்றார். அடிக்கடி காயம்பட்ட எடி கிரேயைப் பார்த்து, "நீ பந்தயக் குதிரையாக இருந்திருந்தால் எப்போதோ சுட்டிருப்பார்கள்" என்றாராம். தானே முழங்கால் போய் ஆட்டத்தையே விட்ட மனிதர் பேசுகிற பேச்சா இது? கிரேயும் அதைத்தான் திருப்பிக் கேட்டார். பருவத்தைத் தொடங்கிவைக்கும் சேரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் லீட்ஸ் கேப்டன் பில்லி பிரெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் கைகலந்து இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். முதல் ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி. 44ஆம் நாள், செப்டம்பர் 12, க்ளஃபை அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவே யார்க்ஷயர் டெலிவிஷன் க்ளஃபையும் ரெவீயையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது. காலையில் வேலை இருந்த ஒருவர், மாலையில் வேலை இல்லாமல், தன் ஜென்ம எதிரி பக்கத்தில்! இன்று எந்த கிளப்பின் வழக்கறிஞரும் இதற்கு விடமாட்டார். அந்தப் பேட்டியை இரவில் தூக்கம் வராதபோதெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறேன். லீக்கை ஜெயிக்க ஆசைப்பட்டேன், உங்களைவிட நல்ல விதமாக ஜெயிக்க ஆசைப்பட்டேன் என்கிறார் க்ளஃப். அதைவிட நல்ல விதம் ஏது, நாங்கள் நாலே ஆட்டம்தானே தோற்றோம் என்கிறார் ரெவீ. நான் மூன்றோடு நிறுத்தியிருப்பேனே என்று க்ளஃபிடமிருந்து பதில் வருகிறது.

முதல் தடவை பார்த்தபோது க்ளஃப் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ரெவீ ஒரே கேள்வியைத்தான் விடாமல் பிடித்துக்கொள்கிறார்: ஆட்டக்காரர்களை உட்காரவைத்துப் பேசினீர்களா, அவர்களைத் தெரிந்துகொள்ள முயன்றீர்களா? க்ளஃபிடம் அதற்கு நேரான பதில் இல்லை. நான் க்ளஃப் கட்சிதான், ஆனால் அந்த அரை மணி நேரம் ரெவீயுடையது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். ரெவீ 1977இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பேசி முடித்துவிட்டு இங்கிலாந்து அணியை நட்டாற்றில் விட்டுப் போனார். க்ளஃப் அந்தக் காலியிடத்துக்கு நேர்முகம்வரை போனார். கிடைத்தது ரான் கிரீன்வுட்டுக்கு. க்ளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டைக் கட்டி எழுப்பி 1979இலும் 1980இலும் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை வாங்கினார். லீட்ஸுக்கு அவர் கூட்டிப்போய் ரசிகர்கள் ஊளையிட்டு விரட்டிய ஜான் மெக்கவர்ன்தான் இரண்டு முறையும் கேப்டன்.

இதில் ஒரு கிளைக் கதை உண்டு. க்ளஃபின் முழங்கால் போனது 1962 டிசம்பர் 26, சண்டர்லேண்டில், பரி அணிக்கு எதிராக. அவர் தரையில் கிடக்கும்போது "நடிக்கிறான்" என்று நடுவரிடம் சொன்னவர் பரியின் ஆட்டக்கார மேனேஜர் பாப் ஸ்டோக்கோ என்பது க்ளஃபின் குற்றச்சாட்டு. சாகும்வரை மன்னிக்கவில்லை. அதே ஸ்டோக்கோ, அதே 1962இல் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி ரெவீ தனக்கு 500 பவுண்ட் தர வந்தார் என்று பின்னாளில் சொன்னார். ரெவீ மறுத்தார், எந்த நீதிமன்றத்திலும் அது நிரூபணமாகவில்லை. ஸ்டோக்கோவின் வன்மம் மட்டும் ஆறவேயில்லை.

1973 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ரெவீயின் லீட்ஸை 1-0 என்று கவிழ்த்தது இரண்டாம் டிவிஷன் சண்டர்லேண்ட். மேனேஜர் ஸ்டோக்கோ. ஆட்டம் முடிந்ததும் தொப்பியும் மழைக்கோட்டுமாக மைதானத்துக்குள் ஓடி, கோல்கீப்பர் மான்ட்கோமரியைக் கட்டிக்கொண்டார். தோற்றவன் ரெவீ, ஜெயித்தவன் ஸ்டோக்கோ, கோப்பை வாங்கியது க்ளஃப் ஆடிய சண்டர்லேண்ட். அன்று க்ளஃப் யாருக்குக் கைதட்டியிருப்பார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.