வரிசைப்படுத்தலில் ஒரு சமக்குறி

கேள்வி: சி++ மொழியில் பெயர், மார்க் இரண்டும் உள்ள ஸ்ட்ரக்ட்களை வெக்டரில் போட்டு சார்ட் செய்கிறேன். பத்து மாணவர்களுக்குச் சரியாக வருகிறது. வகுப்பு முழுவதையும் ஏற்றினால் சில சமயம் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நிரல் பாதியில் நின்றுவிடுகிறது. ஒப்பிடும் வரி: ரிட்டர்ன் ஏ.மார்க் >= பி.மார்க்.

பதில்: அந்தச் சமக்குறிதான் வில்லங்கம். ‘பிக்கு முன்னால் ஏ வந்தே ஆகவேண்டுமா?’ என்றுதான் சார்ட் கேட்கிறது. இருவருக்கும் 87 என்றால் ‘இல்லை’ என்று பதில் வரவேண்டும். உங்கள் வரி ‘ஆம்’ என்கிறது.

ஜிசிசி கம்பைலரோடு வரும் நூலகம் 16 பதிவுகள் வரை இன்செர்ஷன் சார்ட்டிலேயே (ஒவ்வொன்றாக எடுத்து உரிய இடத்தில் செருகும் முறை) முடித்துவிடும். அதனால்தான் பத்துப் பேரிடம் பிழை தெரியவில்லை. அதற்கு மேல் போனால் மற்றவற்றை ஒப்பிட ஒரு பதிவைப் பிவட்டாக எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரவேண்டிய பதிவுகளைத் தாண்டிக்கொண்டே போகும். வேகத்துக்காக, வெக்டர் முடிந்ததா என்று பார்ப்பதில்லை. பிவட்டுக்குச் சமமானது எதிர்ப்பட்டால் ‘இல்லை’ வரும், நின்றுகொள்ளலாம் என்று நம்பி ஓடுகிறது. எல்லோருக்கும் ஒரே மார்க் என்றால் உங்கள் வரியில் அந்த ‘இல்லை’ வராது. வெக்டரைத் தாண்டி வேறு மெமரியில் கைவைத்துவிடும்.

>= என்பதை > ஆக்குங்கள், போதும். நூலகத்தின் டீபக் மோடில் (பிழைகளைச் சோதிக்கும் அமைப்பு) கம்பைல் செய்திருந்தால் முதல் பதிவை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்த்து, ‘ஆம்’ என்று வந்ததுமே நிறுத்தியிருக்கும்.

கேள்வி: மார்க் சமமானால் பெயர் அகரவரிசையில் வர என்ன செய்வது?

பதில்: ‘மார்க் அதிகம் அல்லது பெயர் முந்தியது’ என்று இரண்டையும் ‘அல்லது’ போட்டு இணைப்பவர்கள் நிறைய. அதுவும் தவறு, மார்க் குறைந்தவர்கூடப் பெயரால் முன்னுக்கு வந்துவிடுவார். பல மதிப்புகளைச் சேர்த்துக்கட்டி, முதலிலிருந்து வரிசையாக ஒப்பிட உதவும் ‘டை’யை வைத்து இப்படி எழுதுங்கள்:

டை(பி.மார்க், ஏ.பெயர்) < டை(ஏ.மார்க், பி.பெயர்)

மார்க் இறங்குவரிசை என்பதால் அங்கே மட்டும் ஏ, பி இடம் மாறியிருக்கின்றன. டை இருக்கும் டியூப்பிள் ஹெடரைச் சேர்க்க மறக்காதீர்கள். பெயர் வேண்டாம், பதிவுகள் ஏறிய வரிசையே இருக்கட்டும் என்றால் சார்ட்டுக்குப் பதில் ஸ்டேபிள் சார்ட்.

பெயர்கள் தமிழில் இருந்தால் இன்னொரு சிக்கல். ஸ்ட்ரிங்கின் < பைட்டுகளைத்தான் ஒப்பிடும். யூனிகோடில் புள்ளி, ஏகாரக் குறிக்குப் பின்னால் இருப்பதால் கணேசன் முந்தி, கண்ணன் பிந்திவிடுவார். நம் அகராதி வரிசையில் கண்ணன்தான் முதல். ழகரமும் யூனிகோடில் வகரத்துக்கு முன்னால் நிற்கிறது. பெயருக்கு < போதாது; தமிழ் வரிசை அறிந்த கொலேட்டர் (மொழியின் அகரவரிசைப்படி ஒப்பிடும் கருவி) ஒன்றால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே முறை சார்ட் கீ (அந்த வரிசைப்படி பைட்டு பைட்டாக ஒப்பிடக்கூடிய வடிவம்) உருவாக்கி, ஸ்ட்ரக்டிலேயே வைத்துக்கொண்டு அதை ஒப்பிடுங்கள். யூனிகோடுக்கான ஐசியு நூலகத்தில் இதற்கு வசதி உண்டு.