பொன்னாடைக்கு ஆள் தேடுகிறீர்களா?

கேள்வி: எங்கள் ஊர் சேவைச் சங்கத்துக்கு வரும் ஜூலையில் நான் தலைவர் பொறுப்பு ஏற்கிறேன். வாரம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு சிறப்புப் பேச்சாளர் என்பது வழக்கம். உறுப்பினர்கள் 42 பேர். வருவது 12, 13 பேர். நல்ல பேச்சாளர் கிடைக்காததுதான் காரணம் என்கிறார்கள். கூட்டத்தைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது சிலர் கட்சி. தங்கள் கருத்து என்ன? தகுந்த பேச்சாளர்கள் சிலரைப் பரிந்துரைக்கவும். தாங்களும் ஒருநாள் வந்து உரையாற்ற வேண்டும்.
(ஒரு வாசகர், தக்கலை)

பதில்: குமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பேச ஆள் கிடைக்கவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கோயில் கொடை, சர்ச் கன்வென்ஷன், கட்சிப் பொதுக்கூட்டம், படிப்பக ஆண்டுவிழா என்று மைக் செட் சத்தம் கேட்காத வாரம் உண்டா இங்கே? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்கு, நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேர். டீக்கடை பெஞ்சில் ஓரம் ஒதுங்கி உட்கார்ந்தால் உலக அரசியலில் இருந்து உர விலைவரை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். பேச்சாளருக்குப் பஞ்சம் இல்லை, சாரே. பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ளத் தோதான ஆளுக்குத்தான் பஞ்சம்.

சங்கத்தின் பழைய அழைப்பிதழ்களை எடுத்து ஒருமுறை புரட்டுங்கள். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி, கடன் கொடுக்கும் இடத்தில் இருக்கும் வங்கி மேலாளர், தன்னம்பிக்கைப் பேச்சாளர், சர்க்கரை நோய் பற்றிப் பேச ஒரு டாக்டர், மறுபடியும் ஒரு அதிகாரி. இவர்களில் முக்கால்வாசிப் பேர் உறுப்பினர்களுக்கு நாளைக்கு ஏதாவது ஒரு காரியத்துக்கு ஆகக்கூடியவர்கள். ஆகட்டும், தப்பில்லை. ஆனால் அதைச் சேவைக் கூட்டம் என்று சொல்லிக்கொண்டால், வராத அந்த 30 பேர் நம்புவார்களா?

எனக்கும் இதில் அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தில் கூப்பிட்டார்கள். ஏழு மணிக் கூட்டம் எட்டரைக்கு ஆரம்பித்தது. பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, செயலாளர் அறிவிப்பு, போன வாரம் வராதவர்களுக்கு விளையாட்டு அபராதம் எல்லாம் முடிந்து, என்னை அறிமுகம் செய்ய ஒருவர் எழுந்தார். நான் படித்த பள்ளி, வாங்கிய பட்டம், வாங்காத ஒரு விருது என்று 12 நிமிடம் போனது. பக்கத்து அறையில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டதும் தலைவர் என் காதில், "பத்து நிமிஷத்துல முடிச்சிருவீங்களா?" என்றார். ஏழு நிமிடத்தில் முடித்தேன். பலத்த கைதட்டல். அது பேச்சுக்கா, பரோட்டாவுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று கொடுத்த நினைவுப் பரிசு அலமாரிமேல் இருக்கிறது. என்ன பேசினேன் என்பது எனக்கும் நினைவில்லை, கேட்டவர்களுக்கும் இருக்காது.

கூட்டத்தைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் சங்கம் எந்த வகை என்று எழுதவில்லை. வாரக் கூட்டம் என்றதும் எனக்கு ரோட்டரிதான் நினைவுக்கு வருகிறது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் நான்கு பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வழக்கறிஞர். மற்ற மூவரில் ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையல்காரர். கூட்டம் நடந்தது அந்தப் பொறியாளரின் அலுவலகத்தில். அப்புறம் முறை வைத்து ஒவ்வொருவர் இடத்திலும் மாறி மாறிக் கூடினார்கள். சுற்றிச் சுற்றி வந்ததால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. அவர்கள் ஊருக்காகச் செய்த முதல் பெரிய வேலை, சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது. (நம் பேருந்து நிலையங்களை நினைத்தபடி இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.)

இதில் எங்கும் ஹோட்டல் ஹால் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நிலக்கரிக்காரர் இடத்தில் கூடினால் நிலக்கரி வியாபாரம் எப்படி நடக்கிறது என்று மற்ற மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். புதிதாகச் சேரும் உறுப்பினர் தன் தொழிலைப் பற்றித் தானே எழுந்து பேச வேண்டும் என்றொரு நல்ல வழக்கமும் அந்த இயக்கத்தில் உண்டு. உங்கள் 42 பேரும் ஆளுக்கு ஒரு வாரம் தன் தொழிலைப் பற்றி, அதில் நடக்கும் கள்ளத்தனத்தையும் சேர்த்து, உள்ளதை உள்ளபடி பேசினாலே முக்கால் வருடம் ஓடிவிடும். வெளியாள் தேடி அலைய வேண்டியதே இல்லை.

சட்டப்படி பார்த்தால் குறைக்கத் தடை இல்லை. மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று 2016-லேயே ரோட்டரி தன் விதியைத் தளர்த்திவிட்டது. ஆனால் 12 பேர் வருவதால் குறைக்கிறோம் என்றால், குறைத்த பிறகு அந்த 12 ஆறாகும். அப்போது மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவருவார்.

பணம் மிச்சமாவது உண்மைதான். தட்டுக்கு 250 ரூபாய் என்று வைத்தால் 13 பேருக்கு 3,250. வருடத்துக்கு 50 கூட்டம் என்றால் 1,62,500. சின்னத் தொகை இல்லை. ஆனால் அது மிச்சமாக வேண்டியது சாப்பாட்டில். ஒரு ரசவடையும் கட்டஞ்சாயாவும் கொடுத்துக் கூட்டம் நடத்தினால் சங்க விதி எதுவும் கெட்டுப்போகாது. சாப்பாட்டுக்காக மட்டும் வருகிறவர் யார் என்பதும் இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும்.

வாரம்தோறும் கூடுவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் எனக்குத் தெரியும். போன வாரம் ஏற்றுக்கொண்ட வேலை என்ன ஆயிற்று என்று முகத்துக்கு நேரே கேட்க ஒரு நாள் வேண்டும். உலகத்தில் போலியோவை ஒழிக்கப் பணமும் ஆளும் தருகிறோம் என்று ரோட்டரி இறங்கியது 1985-ல். இயற்கையாகப் பரவும் போலியோவுக்கு இந்தியாவின் கடைசி நோயாளி, மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை, 2011 ஜனவரியில். இடையில் 26 வருடம். அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கில் உழைத்த வேலை அது, உண்மை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொட்டு மருந்து முகாமில் வந்து நின்ற அந்தக் கடைக்காரரையும் வக்கீலையும் தலைமுறை தாண்டியும் அங்கே நிற்க வைத்தது எது? ஒரு நன்கொடைக் காசோலை அவர்களை நிற்க வைத்திருக்காது.

இனி பேச்சாளர் விஷயம். சிறப்புப் பேச்சாளர் என்றால் யார் என்பதற்கு நான் கண்ட ஒரே நல்ல உதாரணம் லயன்ஸ் சங்கத்தார் வரலாற்றில் இருக்கிறது. 1917-ல் தொடங்கிய சங்கம் அது. எட்டு வருடம் கழித்து, 1925 ஜூன் 30 அன்று, ஓஹையோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட் என்ற இடத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லரை அழைத்திருந்தார்கள். பார்வையும் இல்லை, செவியும் இல்லை. அந்த அம்மா வந்து, உங்கள் சேவையே சேவை என்று பாராட்டிவிட்டுப் போகவில்லை. உங்கள் கதவைத் தட்டும் வாய்ப்பு நான்தான், என்னைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக வாருங்கள் என்று வாய்விட்டுக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு ஊர் ஊராக லயன்ஸ் பெயரில் கண் முகாமும் கண் மருத்துவமனையும் இருப்பதன் வேர் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

அவர் பேசியதால் மட்டும் அது நடக்கவில்லை. கையோடு ஒரு கோரிக்கை கொண்டுவந்தார். உங்கள் மேடைக்கு வருகிறவர்கள் எதையும் கேட்பதில்லை. சால்வையை வாங்கிக்கொண்டு, தம்பிகளா நல்லா இருங்க என்று வாழ்த்திவிட்டுக் காரில் ஏறுகிறார்கள். கேட்காத ஆளுக்கு நீங்கள் எதைச் செய்ய முடியும்?

பரிந்துரைக்கச் சொன்னீர்கள். பெயர் தர மாட்டேன், நீங்களே போய்த் தேடுங்கள். ஆளை மட்டும் சொல்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்க்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்பணி மையம் பரப்பிய தொழில் அது. ரப்பர்த் தேன் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பூவில் இருந்து என்று உங்களில் பாதிப் பேர் நினைத்திருப்பீர்கள். இலையுதிர்ந்து தளிர் விடும் காலத்தில் இளம் இலைக்காம்பின் நுனியில் கசியும் மதுவைத்தான் தேனீ எடுக்கிறது. அதனால் தளிர்க்கும் நாள்களில் மழை கெடுத்தால் அந்த வருடத் தேன் போச்சு. 1990-களின் தொடக்கத்தில் சாக்புரூட் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானதையும் கேளுங்கள். பெட்டி வைக்க இடம், கலப்படத் தேனோடு மல்லுக்கட்டும் விலை என்று அவரிடம் கோரிக்கை கட்டாயம் இருக்கும். உங்களில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களும் இருப்பீர்களே.

தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற ஒருவரை அழையுங்கள். 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் உருவாவதற்கு முன்பே கடலுக்குள் தொலைதூரம் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. அதற்கு மறுவாரம் மெழுகுவர்த்தி ஏற்றாத சங்கம் எது? இப்போது படகில் என்ன கருவி இருக்கிறது, அது வேலை செய்கிறதா, பழுதானால் யார் பார்க்கிறார்கள் என்று அவரிடம் போய்க் கேட்ட சங்கம் எது?

முந்திரி ஆலையில் கொட்டையின் தோடு (ஓடு) உடைக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள். தோட்டில் இருந்து வரும் எண்ணெய் விரலை என்ன செய்கிறது என்று கையை நீட்டிக் காட்டுவார். உறுப்பினர்களில் ஆலை முதலாளி யாராவது இருந்தால் அன்று முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஆமாம், உங்கள் 42 பேரில் பெண்கள் எத்தனை பேர்? எழுதவே இல்லையே. 1989 வரை ரோட்டரி தன் விதிகளில் பெண்களைச் சேர்க்காமல்தான் வைத்திருந்தது. விதி மாறிய பிறகும் பல ஊர்களில் அவர்கள் 'குடும்ப விழா'வுக்கு மட்டும் வருகிறார்கள்.

தோவாளையில் பூக்கட்டுகிறவர், குலசேகரத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர், அனந்தனார் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று பார்த்து நிற்கும் விவசாயி, ஊர்க் குப்பையை அள்ளுகிறவர். பட்டியல் நீளும், நிறுத்திக்கொள்கிறேன்.

அழைக்கும்போது கொஞ்சம் மரியாதையாக அழையுங்கள். பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து போக வேண்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அவரை இரவு எட்டரை மணிக்கு வரச்சொல்லி, பிறந்தநாள் பாட்டு முடியும்வரை உட்கார வைக்காதீர்கள். ஆழ்கடல்காரர் கரையில் இருக்கும் நாளைக் கேட்டுக் கூட்டத்தை வையுங்கள். அறிமுகம் இரண்டு வரி போதும். பேச்சு 20 நிமிடம், அவருக்கு வரும் தமிழில், 'வே' போட்டுப் பேசினாலும் சரி. அப்புறம் யாராவது ஒருவர் எழுந்து, எங்களால் ஆகக்கூடியது என்ன என்று கேட்க வேண்டும். சொன்னதைச் செயலாளர் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த வாரக் கூட்டம் மணி அடித்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பேச்சு வேண்டாம். தேனீக்காரர் வரும் வாரம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். சால்வை கொண்டுவராதீர்கள். வீட்டில் மடித்து வைக்க இடமில்லை என்று ஏற்கெனவே சண்டை.