நான்கு லட்சத்துக்கு ஸ்ட்ரோலரா, வீட்டில் ஆறு மாதமா?

கேள்வி: நோர்வூட் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். முதல் பிள்ளை, இன்னும் இரண்டு மாதத்தில் பிரசவம். கணவர் டோஹாவில் வேலை. பிரசவத்துக்கு வரும்போது பகாபூ ஃபொக்ஸ் என்ற ஸ்ட்ரோலர், அதுதான் பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டி, ஒன்று கொண்டுவரப் போவதாகச் சொல்கிறார். எங்கள் காசுக்கு 4 லட்சம் வருமாம். அதற்காக இரண்டு மூன்று மாதம் அவர் வீட்டுக்குக் காசு அனுப்பமாட்டார், இங்குள்ள செலவை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடசாலையில் 20 பேர் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய்ச் சீட்டுப் பிடிக்கிறோம். அடுத்த மாதம் ஒன்பதாவது சீட்டு எனக்கு, 3 லட்சம் கிடைக்கும். அந்த மாதங்களின் செலவுக்கு அதை எடுத்துக்கொண்டு, போதாததற்குக் காப்பை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இடர் கடனுக்கு 12,000 வெட்டிய பிறகு கையில் வரும் சம்பளம் 58,000. கண்டியில் ஒரு கடையில் 32,000 ரூபாய்க்கு இலேசான வண்டி ஒன்று பார்த்தேன். அதைச் சொன்னால், "என் பிள்ளைக்கு மட்டமான சாமானா?" என்று அவர் கோபிக்கிறார். மாமியார், சீட்டுக் காசைப் பிள்ளை பெயரில் இலங்கை வங்கியின் ரண் கெகுளு சிறுவர் கணக்கில் போடு என்கிறார். எங்கள் வீடு ரோட்டிலிருந்து 70 படி மேலே. என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், வண்டியைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 3 லட்சம் யாருடைய காசு என்று பார்க்க வேண்டும்.

ஒன்பதாவது சீட்டை எடுக்கும்போது நீங்கள் கட்டி முடித்திருப்பது 1,35,000. மிச்சம் 1,65,000 மற்றவர்களின் காசு, அதை இன்னும் பதினொரு மாதம் கட்டித் தீர்க்க வேண்டும். சீட்டை முன்னால் எடுப்பவர் கடன் வாங்குகிறார், பின்னால் எடுப்பவர் கடன் கொடுக்கிறார். வட்டி இல்லாததால் நமக்கு அது கடனாகவே தெரிவதில்லை. "சீட்டு விழுந்தது" என்று சொல்லும்போது ஏதோ லொத்தர் விழுந்த மாதிரி ஒரு சந்தோஷம் வருகிறதே, அங்கேதான் பலருக்குக் கணக்குப் பிசகுகிறது.

அடுத்தது அந்தப் பதினொரு மாதம் எப்படிப்பட்ட மாதங்கள் என்பது. அரச ஆசிரியை என்றபடியால் 84 நாள் முழுச் சம்பள விடுமுறை உண்டு. சனி, ஞாயிறு, அரச விடுமுறைகள் அதில் சேராததால் ஏறக்குறைய நான்கு மாதம் வரும். அதன் பிறகு விரும்பினால் 84 நாள் அரைச் சம்பளத்திலும், இன்னொரு 84 நாள் சம்பளமில்லாமலும் வீட்டில் இருக்கலாம். இந்த இரண்டையும் சேர்த்தால் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குக்கு ஆறு என்றே வைத்துக்கொள்வோம்.

அரைச் சம்பள மாதத்தில் கையில் என்ன வரும்? கடன் வெட்டுவதற்கு முன் உங்கள் சம்பளம் 70,000. அதில் பாதி 35,000. இடர் கடன் தவணை பாதியாவதில்லை, அதே 12,000 போகும். மிச்சம் 23,000. அதில் சீட்டுக்கு 15,000 கட்டினால் மாதம் முழுவதுக்கும் 8,000 ரூபாய். சம்பளமில்லாத மாதங்களில் அந்த 8,000 கூட இல்லை, சீட்டுக்காரர் மட்டும் வழக்கம்போல வருவார்.

இப்போது பற்றாக்குறையைக் கூட்டிப் பாருங்கள். அரைச் சம்பள மாதம் ஒவ்வொன்றிலும் 35,000 குறைகிறது, மூன்று மாதத்துக்கு 1,05,000. சம்பளமில்லாத மாதங்களில் 58,000 படி 1,74,000. மொத்தம் 2,79,000. சீட்டில் வருவது 3 லட்சம். ஆக, இந்தக் காசு ஒன்றில் வண்டிக்குப் போகும், இல்லாவிட்டால் ஆறு மாதம் பிள்ளையோடு வீட்டில் இருக்க உதவும். இரண்டுக்கும் போதாது. ஃபொக்ஸ் வாங்கினால் நாலு மாதப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போக வேண்டிவரும். கணவரோடு பேசும்போது ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு இந்த மாதக் கணக்கை வையுங்கள். ரூபாயைச் சொன்னால் "நான் உழைத்துத் தாறேன்" என்பார். மாதத்தைச் சொன்னால் யோசிப்பார்.

சீட்டை வேறொருவருக்குக் கை மாற்றிவிட்டு பதினெட்டாவதை எடுங்கள், சம்பளமில்லாத மாதங்களில் காசு வந்துசேரும் என்று யாராவது சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். சீட்டு இடையில் குழம்பினால் இழப்பது பின்னால் நிற்பவர்தான். முறைப்படி வருவதை எடுத்து, 2,80,000ஐ ஆறு மாத நிலையான வைப்பில் போடுங்கள். அரைச் சம்பளம் தொடங்கும் காலத்தில் அது முதிரும். அப்போது 1,05,000ஐச் சேமிப்புக் கணக்குக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னும் மூன்று மாதத்துக்குப் போடுங்கள். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் வருமானம் வருடத்துக்கு 18 லட்சத்துக்குக் கீழே என்பதால், பிரகடனப் படிவம் ஒன்று நிரப்பிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். கேட்காவிட்டால் வங்கியில் யாரும் எடுத்துச் சொல்வது அபூர்வம்.

காப்பை அடகு வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பவுண் விலை ஏறியிருக்கும் நேரத்தில் அடகுக்கு நிறையக் காசு கிடைக்கும், ஆனால் மீட்க வேண்டியது சம்பளமே வராத ஒரு வருடத்தில்.

சரி, வண்டிக்கு வருவோம். பகாபூ மட்டமான சாமான் அல்ல, அதில் உங்கள் கணவர் சொல்வது சரி. நெதர்லாந்தில் மக்ஸ் பாரன்புருக் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கி, 1999இல் விற்பனைக்கு வந்த வண்டி அது. நகரத்துத் தெருவிலும் வார இறுதியில் காட்டுப்பாதையிலும் கடற்கரையிலும் ஒரே வண்டி ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஃபொக்ஸ் அந்த வழியில் வந்த பெரிய மாடல். பெரிய சக்கரம், நல்ல சஸ்பென்ஷன், பிறந்த நாளிலிருந்தே படுக்க வைக்கத் தொட்டில் போன்ற பகுதி, பிறகு இருக்கை. டொங்கி என்று இன்னொன்று இருக்கிறது. ஒரு பிள்ளைக்கான வண்டியை அகலமாக்கி இரண்டு பிள்ளைகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். நோர்வூட் பஸ்ஸில் அதை ஏற்றுவதைக் கற்பனை செய்து பார்த்தேன், கொண்டக்டரின் முகம்தான் கண்ணில் வந்தது.

இவை எல்லாம் படி ஏறி இறங்காமல் மணிக்கணக்காகத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்குச் செய்தவை. உங்கள் ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து ரோட்டுக்கு 70 படி. கிளினிக்குக்கும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் பஸ் அல்லது த்ரீவீல். ஹட்டன் டவுனில் நடைபாதை கடைச் சாமான்களுக்குப் போக மிச்சம் இருந்தால் உங்களுக்கு. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மழை. ஆறுதலாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமென்றால் நுவரெலியா விக்டோரியா பூங்கா, கிரகரி வாவிக் கரை, கண்டி வாவியைச் சுற்றிய நடைபாதை. அங்கே மாதத்துக்கு எத்தனை தடவை போவீர்கள்?

நம்முடைய பக்கத்தில் ஸ்ட்ரோலர் பிள்ளையைச் சுமக்கும் நேரத்தைவிட, நாம் ஸ்ட்ரோலரைச் சுமக்கும் நேரம் கூட. அதனால் இங்கே காசு கொடுக்க வேண்டியது எடைக் குறைவுக்குத்தான். ஃபொக்ஸ் பத்துக் கிலோ அளவு வரும், மடித்தாலும் த்ரீவீலின் பின்சீட்டுக்குப் பின்னால் நுழையாது. எட்டுக் கிலோப் பிள்ளை ஒரு இடுப்பில், பத்துக் கிலோ வண்டி மறு கையில், மழையில் 70 படி. முடியாது. வண்டியைக் கீழே யாராவது வீட்டு இஸ்தோப்பில் விட்டுவிட்டு வருவீர்கள். ஈரத்துக்குத் துணியில் பூஞ்சை பிடிக்கும்.

வாங்கி வைத்து பிறகு விற்கலாம் என்று அவர் சொல்லக்கூடும். ஐரோப்பாவில் பழைய பகாபூவுக்கு நல்ல விலை உண்டு, உண்மைதான். பேர் தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் அந்த விலை. இங்கே இக்மன் விளம்பரத் தளத்தில் போட்டால் கொழும்பில் யாராவது கேட்கலாம், அதுவும் அடிமாட்டு விலைக்கு. சக்கரமோ கூரைத் துணியோ பழுதானால் உதிரிப்பாகம் ஹட்டனில் தேடிக் கிடைக்காது. இன்னொன்று, பிள்ளையோடு பயணம் செய்பவருக்குத்தான் பெரும்பாலான விமானங்களில் ஸ்ட்ரோலரை இலவசமாக ஏற்றுவார்கள். அவர் தனியாக வருகிறார். அந்தப் பெட்டி அவருடைய லக்கேஜ் கிலோவில் சேரும். பிரசவத்துக்கு வருகிறவர் கொண்டுவர வேறு எவ்வளவோ சாமான் இருக்கும்.

பகாபூதான் வேண்டும் என்று அவர் நின்றால், அதே கம்பனியின் பட்டர்ஃப்ளை மாடலைப் பார்க்கச் சொல்லுங்கள். 7.3 கிலோ, ஒரே இழுப்பில் மடியும், தோளில் மாட்ட வார் இருக்கிறது. விலை ஃபொக்ஸின் பாதிக்கும் கீழே. யோயோ என்று பிரான்சில் உருவான வண்டி ஒன்றும் இதே ரகம், 6 கிலோ சொச்சம். பட்டர்ஃப்ளையை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பாவிக்கலாம், அது உங்களுக்கு வசதி. இப்போதே வாங்கும் அவசரம் இல்லை. முதல் ஆறு மாதம் பிள்ளை மடியிலும் ஏணையிலும்தான் இருக்கும். அடுத்த லீவுக்கு வரும்போது, அவருடைய கையில் மிச்சம் பிடித்த காசில் வாங்கி வரட்டும். சீட்டுக் காசில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கண்டியில் பார்த்த 32,000 ரூபாய் வண்டியை நான் தள்ளிவிடமாட்டேன். முழுச் சம்பள மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாலே வாங்கிவிடலாம். ஆனால் கடையில் சும்மா தள்ளிப் பார்த்துவிட்டு வராதீர்கள். நம்முடைய ரோடு சரிவு, அதனால் முதலில் பிரேக்: போட்டுவிட்டு நல்ல பலமாகத் தள்ளிப் பாருங்கள், பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ள வேண்டும். தோள், இடுப்பு, கால் இடை என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டி வேண்டும். விரித்த வண்டி தானாக மடியாமல் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். மடியும் மூட்டில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் வேண்டாம். பேர் போன மக்லாரன் கம்பனியே 2009இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 10 லட்சம் வண்டிகளுக்கு மூட்டு உறை கொடுக்க வேண்டிவந்தது, பிள்ளைகளின் விரல் நுனி வெட்டுப்பட்டதால். பெட்டியில் ஈஎன் 1888 என்ற ஐரோப்பியத் தர இலக்கம் இருந்தால் நல்லது. அச்சடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். கடைசியாக, மடித்து ஒரு கையில் தூக்கிக்கொண்டு கடைப் படியில் ஏறி இறங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மாமியார் சொல்வதில் நல்லெண்ணம் இருக்கிறது, ஆனால் நேரம் சரியில்லை. ரண் கெகுளு போன்ற சிறுவர் கணக்கில் போட்டால் பிள்ளைக்கு 18 வயது வரும்வரை சாதாரணமாக எடுக்க முடியாது. அடுத்த வருடம் தேவைப்படும் காசை அங்கே பூட்டி வைக்கக் கூடாது. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கையில் வைக்கும் நூறு, ஐந்நூறு, ஆயிரத்தைக் கொண்டு அந்தக் கணக்கைத் தொடங்குங்கள், அவருக்கும் திருப்தியாக இருக்கும். அப்புறம், அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியில் பிள்ளைப்பேற்றுக்கும் ஒரு கொடுப்பனவு உண்டு. படிவத்தை விடுமுறையில் போவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள், ஆஸ்பத்திரித் துண்டுகளையும் எறியாமல் வையுங்கள்.