குரோமில் சரியாக இருக்கும் படங்கள் பழைய ஐபோனில் ஏன் கலைகின்றன?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குச் செய்த கேட்லாக் பக்கம் குரோமில் ஒழுங்காக இருக்கிறது. முதலாளியின் ஐபோன் 6-இல் மட்டும் டி-ஷர்ட் படங்கள் ஒட்டிக்கொள்கின்றன, 'புதுசு' பட்டை படத்தின் மேல் ஏறாமல் கீழே கிடக்கிறது என்கிறீர்கள். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் வரிகளையும் போட்டிருப்பதால் காரணம் தெளிவாகவே தெரிகிறது.

புரியாத சிஎஸ்எஸ் வரி வந்தால் பிரவுசர் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஐபோன் 6, ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏறாது, அதிலுள்ள ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியும் 12-தான். ஃபிளெக்ஸில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை) படங்களுக்கு இடையே இடைவெளி விடும் 'கேப்' சஃபாரிக்கு வந்ததே 14.1-இல், 2021 ஏப்ரலில். பட்டையை எந்த ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று ஒரே வரியில் சொல்லும் 'இன்செட்' சுருக்கமும் அதே பதிப்பில்தான். அந்தப் போனில் குரோமைப் போட்டும் மாறவில்லை என்றீர்கள். மாறாதுங்க, அங்கே குரோமும் சஃபாரியின் எஞ்சினான ஆப்பிளின் வெப்கிட்டில்தான் ஓடுகிறது.

படவரிசையை கிரிடுக்கு (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) மாற்றிவிடுங்கள். கிரிடில் 'கேப்' சஃபாரி 12-லேயே வேலை செய்யும். பட்டைக்கு இன்செட்டை எடுத்துவிட்டு 'டாப்', 'ரைட்' என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு பனியனுக்குமான பெட்டியான கார்டுக்கு, பட்டையின் இடத்தை அந்தப் பெட்டியிலிருந்து அளக்க வைக்கும் 'பொசிஷன் ரிலேட்டிவ்' இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பட்டை பக்கத்தின் மூலைக்கு ஓடிவிடும்.

அப்புறம் படங்கள். மடித்த பனியனை நெட்டுக்குத்தாகவும் விரித்துப் போட்டதை அகலமாகவும் எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே அகல-உயர விகிதத்தில் காட்டும் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' சஃபாரி 15-இல்தான் வந்தது, இங்கே உதவாது. பழைய வழியே போதும்: படத்தைச் சுற்றி ஒரு டிவ் (வெறும் பெட்டி), அதற்கும் பொசிஷன் ரிலேட்டிவ், உயரம் 0, மேல்பக்க உள்ளிடைவெளியான 'பேடிங் டாப்' 133.33%. பேடிங்கின் சதவீதம் வெளிப்பெட்டியின் அகலத்தை வைத்துக் கணக்காவதால், திரை எவ்வளவு அகலமானாலும் 3:4 பெட்டி கிடைக்கும். படத்தை அதற்குள் 'பொசிஷன் அப்சல்யூட்' ஆக, டாப், லெஃப்ட் இரண்டும் 0 என்று வைத்து, அகலமும் உயரமும் 100%, படம் நசுங்காமல் பெட்டியை நிரப்ப 'ஆப்ஜெக்ட் ஃபிட் கவர்' கொடுங்கள். கவர் ஓரத்தை வெட்டும். பையர் முதலில் பார்ப்பது காலரைத்தான், அது வெட்டுப்படாமல் இருக்க 'ஆப்ஜெக்ட் பொசிஷன்' டாப் என்று வையுங்கள்.

பிரவுசரைக் கண்டுபிடித்து தனித்தனி சிஎஸ்எஸ் கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். காதர்பேட்டைக்கு மொத்தமாகச் சரக்கெடுக்க வருபவர் கையில் எந்தப் போனும் இருக்கலாம். பழைய போனுக்குப் புரிவதை அடித்தளமாக எழுதுங்கள், புதிய வசதிகளை, அவை புரியும் பிரவுசருக்கு மட்டும் பொருந்தும் 'சப்போர்ட்ஸ்' விதிக்குள் சேருங்கள்.

லோகோவுக்குக் கீழே ஒரு மெல்லிய இடைவெளி தெரிகிறது என்றும் கேட்டிருந்தீர்கள், அதற்குக் காரணம் வேறு: படம் எழுத்தைப் போல வரியில் எழுத்துகள் நிற்கும் கோட்டில் உட்காருகிறது, அதற்குக் கீழே உள்ள இடம் காலியாகத் தெரிகிறது. 'டிஸ்ப்ளே பிளாக்' கொடுத்தால் போய்விடும்.