முழங்கை வலி: பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்

கே: முழங்கையின் வெளிப்பக்கம் வலி. 'டென்னிஸ் எல்போ' என்கிறார்கள். நான் மட்டையைத் தொட்டதே இல்லையே, சார்?

ப: இந்த வலியோடு வருகிறவர்களில் தொட்டவர்கள்தான் குறைவு. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில்தான் போய்ப் பிடித்திருக்கின்றன. சுத்தியலோ கத்தரிக்கோலோ மவுஸோ, எதைப் பிடித்தாலும் மணிக்கட்டை நிலையாக நிறுத்துவது அவைதான். தாங்குவதற்கு மேல் வேலை கொடுத்தால் அங்கே தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் நைந்துபோகிறது. வலி முழங்கையில், வேலை மணிக்கட்டில்.

கே: மூன்று வாரம் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். வலி போனது. வேலைக்குப் போன இரண்டாம் நாளே திரும்பிவிட்டது. ஏன்?

ப: ஓய்வில் வலி அடங்கும், தசைநாண் வலுவாகாது. அதற்குப் பாரம் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக.

முன்கையை மேசைமேல் வையுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். மற்றக் கையால் புறங்கையைக் கீழே அழுத்துங்கள். வலிக்கும் கை அசையாமல் எதிர்க்க வேண்டும். 30 முதல் 45 விநாடி, ஐந்து தடவை. ஓரிரு வாரத்தில் இது எளிதானதும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே தூக்க மற்றக் கை உதவட்டும். இறக்குவதை மட்டும் வலிக்கும் கை தனியே, மூன்று நான்கு விநாடி எடுத்துச் செய்யட்டும். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று. பிறகு எடையைக் கூட்டலாம்.

செய்யும்போது வலிக்கும். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் மூன்று, நான்கு என்றால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகமாகச் செய்துவிட்டீர்கள் என்று பொருள்; நிறுத்தாதீர்கள், குறையுங்கள். 6 முதல் 12 வாரம் பிடிக்கும். பத்தாம் நாள் 'பலனில்லை' என்று விட்டுவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கே: ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமாமே?

ப: சில வாரம் சுகமாகத்தான் இருக்கும். 2013-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 165 பேர் இருந்தார்கள். ஓராண்டுக்குள் வலி திரும்பியது, ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு. வெறும் ஒப்புக்கு, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். என் வீட்டில் யாருக்காவது வந்தால் அவசரப்பட விடமாட்டேன்.

கே: முழங்கை வலிக்கான பெல்ட் போட்டும் குறையவில்லை.

ப: வலிக்கிற இடத்தின்மேலேயே போட்டிருப்பீர்கள். அதற்கு இரண்டு விரற்கடை கீழே, முன்கைச் சதையில் போடுங்கள். வேலை நேரத்தில் மட்டும்.

கே: கைக்குழந்தை இருக்கிறது, தூக்காமல் முடியாது.

ப: தூக்குங்கள், அம்மா. உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்து அள்ளுங்கள். கையை நீட்டி, மணிக்கட்டால் தூக்குவதுதான் கெடுதல். கெட்டிலுக்கும் பைக்கும் இதே முறைதான்.

கே: எனக்கு உள்பக்கம் வலி. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. இதே பயிற்சி போதுமா?

ப: வேண்டாம். மரத்துப்போவது நரம்பு சம்பந்தப்பட்டது; முழங்கையின் உள்பக்கம் ஓடும் அல்னார் நரம்பு அழுந்துகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். அதுவரை முழங்கையை முழுக்க மடக்கித் தூங்காதீர்கள், மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள். பிடி தளர்ந்து பொருள்கள் கைநழுவினால் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.